பாய்க்கு எட்டும் சுவிச்

சாயங்காலம் ஆறரை மணி. ராகலையிலிருந்து மேலே ஏறும் தோட்டத்துப் பாதை. இரண்டு பக்கமும் தேயிலை. ஆள் இல்லை, நாய்கூட இல்லை... பனி மட்டும் பள்ளத்திலிருந்து மெல்ல மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது. அந்தப் பாதையில் ஒரு பெண் தனியாக நடந்து போனாள். அவள் கையில் ஒரு சோக்கட்டி.

மெழுகுதிரியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிவையுங்கள்... போதும். கரண்ட் வர நேரமாகும் போலிருக்கிறது. அதுவரை கேளுங்கள்.

இது எங்கேயோ யாருக்கோ நடந்தது இல்லை. என் கூட்டாளி சிவசாமி இருக்கிறான் அல்லவா, அவன் மனைவிக்குச் சின்னம்மா மகள். பெயர் கிருஷாந்தி. நுவரெலியாவில் ஒரு மருந்துக் கடையில் வேலை. புருஷன் ஜெயகாந்தன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். மாதத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுப் பக்கம் தலைகாட்டுவான்.

இவர்கள் இருந்த லயம், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகள், மண்சரிவில் போய்விட்டது. லயம் என்றால் பாதி இல்லை... முழுசாக. பக்கத்துக் காம்பிரா அறைகளில் இருந்தவர்களில் சிலரை எடுத்தார்கள், சிலரை எடுக்கவே முடியவில்லை, அவர்கள் இன்னும் அந்த மண்ணுக்குள்தான். மிஞ்சியவர்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற பழைய தகர மடுவத்தில் சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். ரொம்ப காலம் கழித்து, மேட்டில் வரிசையாகத் தனி வீடுகள் எழும்பின. கிருஷாந்தியின் வீட்டுக்குக் கூரை ஏறிவிட்டது. அடுத்தது வயரிங்.

வயரிங் செய்ய வந்தவன் மிலான். கினிகத்தேனைக்காரன், நல்ல வேலைக்காரன். இந்தத் தோட்டத்துக்குப் புதிது, இங்கே யார் யாருக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. அன்று மத்தியானம் கடைக்குப் போன் எடுத்துச் சொன்னான்.

"அக்கா, நாளைக்கிக் காலையில செவுரு வெட்டப் போறேன். படுக்கிற அறையில சுவிச் எங்கெங்க வேணும்னு சோக்கால ஒரு அடையாளம் போட்டு வச்சிருங்க. வெட்டுன பெறகு அங்க இல்ல இங்கன்னீங்கன்னா எனக்கு ரெண்டு வேல."

அதற்காகத்தான் அவள் கடையடைத்து, பஸ் பிடித்து, அந்த நேரத்தில் அங்கே ஏறிப் போனாள்.

வீட்டுக்குக் கதவு இன்னும் போடவில்லை. உள்ளே ஈரச் சீமெந்து வாசம். எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது... டப்... டப்... போன் டோர்ச்சை அடித்துக்கொண்டு அறைக்குள் போனாள். நிலையைத் தாண்டியதும் கை தானாக எங்கே போகிறதோ, அங்கே ஒரு சிலுவைக் கோடு. அது கதவடிச் சுவிச்.

பிறகு கட்டில். கட்டிலை எங்கே போடுவது?

அறையின் பின்சுவருக்கு அப்பால் மழைத்தண்ணீர் ஓடுகிற ஒரு கான். கானுக்கு அப்பால் வெட்டிய மலை. அந்தச் சுவரோரம் கட்டில் போட அவளுக்கு மனசு வரவில்லை. எதிரே, உள்சுவரில் தலைமாட்டை வைப்பது என்று முடிவு செய்தாள். கட்டில் இருக்கப்போகிற இடத்தில் குந்தி உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டு வலது கையை நீட்டினாள். விரல் தொட்ட இடத்தில் இன்னொரு கோடு. கதவடியில் போடலாம், தலைமாட்டில் அணைக்கலாம்... ஒரே விளக்குக்கு இரண்டு சுவிச். மிலான் அதை டூவே என்று சொல்லியிருந்தான்.

இரண்டாவது கோட்டைப் போடும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. காரணம் இருக்கிறது.

பழைய லயத்துக் காம்பிராவில் ஒரே ஒரு பல்ப். அதன் சுவிச் முன்வாசல் கதவோடு. படுக்கிற இடமோ பின்சுவரோரம். ஜெயகாந்தன் கொழும்பில் இருந்ததால், கிருஷாந்திக்குத் துணையாக அவள் தங்கச்சி நாகலெட்சுமி அங்கேதான் இருந்தாள். நாகு என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வயது, வாய் ஓயாது. பாயை விரித்துப் படுத்த பிறகு யார் எழுந்து போய் லைட்டை அணைப்பது என்று அக்கா தங்கச்சி இரண்டு பேருக்கும் தினமும் சண்டை. குளிரில் ஒருத்தியும் எழுந்திருக்க மாட்டாள். நாகு சொல்லுவாள்:

"புது வீடு கெடச்சா என் பாய்க்கிட்ட ஒரு சுவிச் போட்டுக் குடுத்துருங்க்கா. படுத்துக்கிட்டே எட்டணும். நா அணைக்கிறப்பதான் லைட் அணையணும், சொல்லிட்டேன்."

அந்த நவம்பர் மழையில்... அது நடந்த அன்றைக்கும் இரண்டு பேரும் நேரத்தோடு படுத்துவிட்டார்கள். கூரைத் தகரத்தில் மழை அறைகிறது. நாகுவுக்கு அன்று என்னவோ பயம். "கொஞ்ச நேரம் எரியட்டுங்க்கா" என்றாள். கிருஷாந்திக்கு விடிந்தால் வேலை. எழுந்து போனாள். பின்னால் நாகு பாயை உதறித் திருப்பிப் போடும் சத்தம் கேட்டது. கிருஷாந்தி சுவிச்சில் விரலை வைத்தாள். அணைத்தாள்.

அந்த நொடியில் மலை இறங்கியது.

கதவடியில் நின்றதால் கிருஷாந்தி முன்பக்கக் கானில் போய் விழுந்தாள். பின்சுவரோரம் படுத்திருந்தவளை மூன்றாம் நாள்தான் எடுத்தார்கள்.

சரி... கதைக்கு வருகிறேன். கோட்டைப் போட்டு முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோக்கட்டியை ஹேண்ட்பேக்கில் போட்டு சிப்பை இழுத்தாள். அறையை விட்டு வெளியே காலை வைத்தாள். அப்போது பின்னால்...

சர்ர்ர்...

சீமெந்துச் சுவரில் சோக்கட்டி இழுபடும் சத்தம். ஒரு கோடு. கொஞ்சம் நின்று... சர்ர்... குறுக்கே இன்னொரு கோடு.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பாதைக்கு எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

மறுநாள் காலை கடையில் இருக்கும்போது மிலானிடமிருந்து போன்.

"அக்கா, மூணு எடத்துல போட்டிருக்கீங்க. ரெண்டுதானே சொன்னீங்க?"

"மூணாவது எங்க தம்பி?"

"மலப் பக்கத்துச் செவுத்துல. ஆனா ரொம்ப தணிவா இருக்கே, தரையிலயிருந்து ஒரு சாண் வராது. இவ்ளோ கீழ யாரு சுவிச் போடுவாங்க?"

கிருஷாந்தி கையில் இருந்த மாத்திரை அட்டையை மேசையில் வைத்தாள். "அது பிள்ளைங்க வெளையாடியிருக்கும். அழிச்சிருங்க" என்று மட்டும் சொன்னாள். சரி என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கப் போனாள். கதவடியில் வெட்டிப் பெட்டி வைத்திருந்தான், சரி. தலைமாட்டில் வைத்திருந்தான், சரி. பின்சுவரிலும் வெட்டியிருந்தான். தரைக்கு ஒரு சாண் மேலே. வயர் போகிற பைப்பும் பதித்து, பெட்டியும் வைத்தாயிற்று.

"நா வேணாம்னுதானே சொன்னேன்?" என்று கேட்டாள்.

மிலான் உளியைக் கீழே வைத்தான். "நீங்க வேணாம்னீங்க, நானும் அழிச்சிட்டேன். முந்தாநேத்து சாயங்காலம் உங்க தங்கச்சி வந்து, அக்காகிட்ட பேசிட்டேன், போட்டுருங்கன்னாங்களே..."

"எந்தத் தங்கச்சி?"

"வாசல்ல நின்னாங்க. வெளிச்சம் பின்னாடி இருந்திச்சி, மொகம் சரியாத் தெரியல. கால் பூரா சேறு. உள்ள வாங்கன்னேன், வரல. படுத்துக்கிட்டே எட்டணும், இன்னும் கொஞ்சம் தணிங்க, இன்னும் கொஞ்சம்னு சொல்லிச் சொல்லி எடத்தக் காட்டுனாங்க." சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான். "ஏன்க்கா...? உங்க தங்கச்சி இல்லயா அது?"

முந்தாநாள் சாயங்காலம் ராகலையில் நல்ல வெயில். ஒரு சொட்டு மழை இல்லை. எங்கேயும் சேறு இல்லை.

கிருஷாந்தி பின்சுவரைக் காட்டினாள். "மூடிருங்க தம்பி. இப்பவே மூடிருங்க" என்றாள். மிலான் அந்தப் பெட்டிக்குள் வயர் எதுவும் இழுக்காமல், சாந்து குழைத்து அப்படியே அடைத்துப் பூசிவிட்டான். பூசி முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே நின்றாள்.

வேலை எல்லாம் முடிந்தது. கரண்டும் கொடுத்தார்கள். ஜெயகாந்தன் லீவு போட்டு வந்தான், பால் காய்ச்சினார்கள். சிவசாமியும் போயிருந்தான். நல்ல வீடு என்றுதான் வந்து சொன்னான். புருஷன் இருந்த இரண்டு நாளும் ஒன்றும் இல்லை. லைட் போட்டால் எரிந்தது, அணைத்தால் அணைந்தது. அவளும் மனசைத் தேற்றிக்கொண்டாள். மூன்றாம் நாள் காலை ஜெயகாந்தன் கொழும்பு பஸ் ஏறினான்.

அன்று ராத்திரி அவள் தனியாக. சாப்பிட்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டு, கட்டிலில் படுத்தாள். தலைமாட்டுச் சுவிச்சை எட்டி அணைத்தாள். இருட்டு.

டிக்.

லைட் எரிந்தது.

புதுச் சுவிச்தானே, சரியாக அழுத்தவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி அணைத்தாள். போர்வையை இழுத்துக்கொண்டாள். மூச்சு விடும் நேரம்தான்...

டிக்.

எரிந்தது.

இப்போது அவளுக்குச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. கதவடியிலிருந்து இல்லை. தலைமாட்டிலிருந்து இல்லை. எதிர்ச் சுவர். கீழே. சாந்து பூசி மூடிய இடம். வயரே இல்லாத, சுவிச்சே இல்லாத இடம்.

என்ன செய்வாள்? எழுந்தாள். வெறுங்காலில் தரை பனிக்கட்டி மாதிரி இருந்தது. கதவடிக்குப் போய் அந்தச் சுவிச்சை அணைத்துவிட்டு முன்னறைக்கு ஓடிவிடலாம் என்று நினைத்தாள். சுவிச்சில் விரலை வைத்தாள்.

அவளுக்குப் பின்னால்... தரையில்... பாய் விரிக்கும் சத்தம்.

அந்த வீட்டில் பாயே கிடையாது.

விரலை எடுத்துவிட்டாள். அணைக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அப்படியே வெளியே வந்து அறைக் கதவைச் சாத்தி, குசினிக்குப் போய், அடுப்புக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அறை வெளிச்சம் கதவுக்கு அடியில் ஒரு கோடாக விழுந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கம் கண்ணைச் சொருகும் நேரத்தில் உள்ளே டிக் என்றது. வெளிச்சக் கோடு போய்விட்டது.

காலையில் புருஷனுக்குப் போன் எடுத்தாள். அவன் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. "பயமா இருந்தா கொஞ்ச நாளைக்கி மடுவத்துலயே போய் இரேன்" என்றான்.

"மடுவத்துத் தகரத்தையெல்லாம் கழட்டிட்டாங்க. நா எங்கங்க போறது?" என்று கேட்டாள்.

அவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த வீடு. அதைவிட்டால் மலையில் அவளுக்கு வேறு கூரை இல்லை.

மிலானை வரச் சொன்னாள். அவன் இரண்டு சுவிச்சையும் கழற்றிப் பார்த்தான், ஒரு பிசகும் இல்லை. பூசிய இடத்தில் விரல் முட்டியால் தட்டினான். கெட்டியாக இருந்தது. இதற்குள் அவனுக்கும் தோட்டத்தில் யாரோ எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"என்னக்கா செய்யச் சொல்றீங்க?"

கிருஷாந்தி பூசிய இடத்தில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அத ஒடைங்க தம்பி. ஒடைச்சி, அங்க ஒரு சுவிச் போட்டுருங்க. அவ கேட்டதுதானே."

மிலான் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகுதான் சுத்தியலை எடுத்தான். உடைத்தால் உள்ளே வெறும் பெட்டி. காய்ந்து, சுத்தமாக, சும்மா இருந்தது. வயர் இழுத்தான், மூன்று இடத்திலிருந்தும் அந்த ஒரே விளக்கைப் போடவும் அணைக்கவும் முடிகிற மாதிரி மாட்டினான். வேலை முடித்து டீகூடக் குடிக்காமல் போய்விட்டான். மறுநாள் கிருஷாந்தி நுவரெலியாவிலிருந்து வரும்போது ஒரு புதுப் பாய் வாங்கி வந்தாள். பின்சுவரோரம் விரித்தாள். ஒரு தலையணை வைத்தாள். தலையணையைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"நாகு... அன்னைக்கி நா கேக்கல. இனி நீயே அணைச்சிக்கம்மா."

கட்டிலில் ஏறிப் படுத்தாள். சுவிச்சைத் தொடவில்லை. லைட் எரிந்துகொண்டே இருந்தது. எப்போது தூங்கினாள் என்று தெரியாது. நடுவில் ஒரு தடவை கண் விழித்தால்... இருட்டு. நல்ல, அமைதியான இருட்டு. எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அன்றுதான் விடியும்வரை தூங்கினாள்.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். இவள் படுப்பாள். கொஞ்ச நேரத்தில் கீழே டிக். அணைந்துவிடும். முதலில் உடம்பு சிலிர்த்தது. போகப் போகப் பழகிவிட்டது. பழகினது மட்டுமில்லை, அந்த டிக் கேட்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. கடையில் நடந்ததை எல்லாம் பாயைப் பார்த்துச் சொல்லுவாளாம். முகம் தெளிந்துவிட்டது, உடம்பும் கொஞ்சம் பூசினாற்போல ஆகிவிட்டது என்று சிவசாமியின் மனைவியே சொன்னாள்.

இப்போது நான் சொல்லப் போவதை அந்தச் சிவசாமியின் மனைவியிடம்தான் கிருஷாந்தி சொன்னாள். ஒரே ஒரு தடவை. அதுவும் பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டில், நாலு பேர் நடமாடும் இடத்தில் வைத்து. அதற்குப் பிறகு எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

அன்று நல்ல மழை. அவளுக்குத் தலைவலி. கடையிலிருந்தே இரண்டு பெனடோல் போட்டுக்கொண்டு வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டாள். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கண்ணை மூடியபடியே, அரைத் தூக்கத்தில், பழைய ஞாபகத்தில் தலைமாட்டுச் சுவிச்சுக்குக் கையை நீட்டினாள்.

சுவிச் கைக்குத் தட்டுப்படவில்லை.

சுவிச்சின் மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

குளிர்ந்த கை. நனைந்த கை. அது அவள் கையை மணிக்கட்டில் பிடித்தது. வலிக்காமல், மெதுவாக. கீழே இறக்கியது. போர்வையைத் தூக்கி, அவள் கையை உள்ளே வைத்தது.

அவள் பயப்படவில்லை. அதுதான் விசேஷம். "சரி நாகு... நீயே அணை" என்று முனகினாள். கண்ணைத் திறக்கவில்லை.

டிக்.

லைட் அணைந்தது. எப்போதும் போல எதிர்ச் சுவரிலிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. கீழே, பாய்ப் பக்கத்திலிருந்து. நாகு அங்கேதான் இருந்தாள்.

அவள் மணிக்கட்டைப் பிடித்த கையோ இன்னும் விடவில்லை.

இருட்டில் அப்போதுதான் அந்தக் கையை அவள் உணர்ந்து பார்த்தாள். அகலமான கை. தடித்த, காய்த்துப் போன விரல்கள். ஒரு விரலில் மோதிரம், மோதிரத்தின் இடுக்கில் மண். ஜெயகாந்தனுக்கு மோதிரம் போடும் பழக்கமே இல்லை.

பிறகு அவளுக்குப் பக்கத்தில், ஜெயகாந்தன் படுக்கிற இடத்தில்... மெத்தை மெல்ல அமிழ்ந்தது.